சேலம் 'ஏலம்' ஆவது எப்படி?



வகுப்பில் சொல்வதெழுதுதல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் "சேலம்" என்கிறார். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் சரியாக எழுதிவிடுகிறார்கள். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் மட்டும் "ஏலம்" என்று எழுதுகிறான். அடுத்த சொல் "சாலை". அவன் எழுதியது "ஆலை". மூன்றாவது சொல் "மாடு". அவன் நோட்டில் இருப்பதோ "பாடு". வகுப்பே சிரிக்கிறது. "எங்கே கவனம்?" என்று ஆசிரியர் கடிந்துகொள்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த மூன்று தவறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கவனம் இல்லாதவன் செய்யும் தவறுக்கு ஒழுங்கு இருக்காது. இங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் இரண்டு சொற்களிலும் தொடக்கத்தில் உள்ள 'ச்' என்னும் ஒலி மட்டும் காணாமற் போயிருக்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. மூன்றாவது தவறு வேறு வகை. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல், 'மாடு', 'பாடு' என்று உதட்டை மட்டும் அசைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிகிறதா? தெரியாது. அந்த மாணவன் முதல் இரண்டு சொற்களைக் காதால் கேட்டிருக்கிறான். மூன்றாவதை ஆசிரியரின் உதட்டைப் பார்த்து ஊகித்திருக்கிறான். அவன் வகுப்பில் எல்லோரையும்விட அதிகமாகக் கவனித்துக்கொண்டிருந்தவன் என்பதற்கு அந்த நோட்டே சாட்சி!

அவனுக்குக் காது முழுவதும் கேட்காமல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான். பள்ளி மணி அடித்தால் எழுகிறான். ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஐயம் வருவதில்லை. 'கேட்கிறது, ஆனால் புரியவில்லை' என்னும் இந்த நிலை எப்படி ஏற்படுகிறது?

உயிரின் ஓசையும் மெய்யின் ஓசையும்

நாம் பேசும்போது எல்லா ஒலிகளும் ஒரே வலிமையோடு வெளிவருவதில்லை. 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி விநாடிக்கு 1,000 அதிர்வுகளுக்குக் கீழே இருக்கிறது. 'சேலம்' என்பதில் வரும் 'ச்' போன்ற ஒலி மிக மெலிந்தது. அது இருப்பதோ 4,000 அதிர்வுகளுக்கு மேலே. பேச்சின் மிக வலிய உயிரொலிக்கும் மிக மெலிந்த மெய்யொலிக்கும் ஆற்றலில் பல நூறு மடங்கு வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த மெலிந்த ஒலிதான். பல், கல், சொல், நெல், வில் என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து நழுவினால் சொல்லே நழுவிவிடுகிறது.

நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குக் காக்ளியா என்று பெயர். அதில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. சுருளின் வாயிலில் இருப்பவை உயர்ந்த அதிர்வெண்களை உணர்கின்றன; உள்ளே நுனியில் இருப்பவை தாழ்ந்த அதிர்வெண்களை உணர்கின்றன. பெரும்பாலும் முதலில் பழுதுபடுபவை வாயிலருகே இருப்பவையே. ஒரு முறை அழிந்த மயிரிழைச் செல் மனிதரிடம் மறுபடி முளைப்பதில்லை. அப்படிப்பட்ட காதுக்கு 'ஆ' கேட்கும், 'ச்' கேட்காது. சேலம் ஏலமாகிவிடும்.

பிறவியிலேயே இக்குறை அமைவதும் உண்டு. கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா என்னும் காய்ச்சல் ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டார்களே, அதன் நோக்கங்களுள் இதைத் தடுப்பதும் ஒன்று. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணப்பது நம் பக்கத்தில் வழக்கம். இரு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே வகைப் பழுதுள்ள மரபணு குழந்தையிடம் ஒன்று சேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. மூளைக்காய்ச்சல், பிறந்தவுடன் வரும் கடும் மஞ்சள்காமாலை ஆகியவையும் காரணங்கள்.

பள்ளிப் பருவத்தில் மிக அதிகமாகக் காண்பது இவற்றுள் எதுவும் அன்று. சளி, அதைத் தொடர்ந்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது, சீழ் வடிவது, செவிப்பறையில் ஓட்டை விழுவது ஆகியவையே. இந்த வகைக் குறையை மருத்துவத்தால் பெரும்பாலும் நீக்கிவிடலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறோம்; கோழியிறகை விட்டுச் சுழற்றுகிறோம். கோழிப் பண்ணைகள் மிகுந்த நாமக்கல் சீமையில் இறகுக்குப் பஞ்சமில்லை. அதற்காக அதைக் காதில் விடவேண்டும் என்பதில்லை!

தறிச் சத்தத்துக்கு நடுவே

இனி அந்தக் காதைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோம். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை ஆகிய ஊர்களில் நடந்து சென்றவர்களுக்கு விசைத்தறியின் ஓசையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் நாடா இருபுறமும் அடிபட்டுப் பாய்கிறது. தறிப்பட்டறைக்குள் ஒலி 90 டெசிபெல்லைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 தான். ஆண்டுக்கணக்கில் அந்த ஓசையில் நிற்பவரின் காதில் முதலில் மங்குவது 4,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதி. அதாவது, மேலே சொன்ன அதே பகுதி.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தறி ஓடும் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். கையாலும் சாடை காட்டுவார்கள். அங்கே வளரும் குழந்தைக்குக் காது சற்று மந்தம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே போகலாம். குழந்தை எதைக் கேட்கவில்லையோ அதைத் தறிக்காரத் தந்தையும் கேட்கவில்லை என்றால் யார் கண்டுபிடிப்பது? முதன்முதலில் வெளிப்படும் இடம் பள்ளிக்கூடமே. அதுவும் 'மக்கு' என்ற பெயரோடு வெளிப்படுகிறது. இதுதான் வருத்தத்துக்குரிய செய்தி.

வகுப்பறையில் ஒரு கணக்குப் போடுவோம். ஆசிரியரின் குரல் அவர் வாயிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 65 டெசிபெல் என்று கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். டெசிபெல் அளவில் 6 குறையும். 2 மீட்டரில் 59. நான்கு மீட்டரில் 53. அடுத்த தெருத் தறியின் ஓசை சன்னல் வழியே 50 டெசிபெல்லாக வந்து நிற்கிறது என்றால், முன் பெஞ்சில் ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 9 உயர்ந்து நிற்கிறது. கடைசி பெஞ்சில் வெறும் 3! ஒரு பள்ளிச் சிறுவன் சிரமமின்றிப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு 15-ஆவது இருக்கவேண்டும் என்பது ஒலியியல் அறிஞர்கள் கூறும் அளவு. பெரியவர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. சொல் பாதி கேட்டாலும் மீதியை அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார்கள். இன்றுதான் முதன்முதலாக 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லைக் கேட்கும் மாணவன் எதைக் கொண்டு நிரப்புவான்?

ஒலி மாசு குறித்த 2000-ஆம் ஆண்டு விதிகள், பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடம் தருகின்றன. அங்கே பகலில் 50 டெசிபெல்லுக்கு மேல் கூடாது. நம் கணக்கில் கொண்ட 50 என்பது சட்டம் ஏற்கும் அளவுதான். அதிலேயே கடைசி பெஞ்சின் கதி இது.

சன்னலைத் திறப்பதா, மூடுவதா?

"சன்னலை மூடிவிட்டால் தீர்ந்தது" என்று நீங்கள் சொல்லக்கூடும். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. அதை அறிய 1895-ஆம் ஆண்டுக்குச் செல்வோம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் எதற்கும் பயன்படாமல் கிடந்தது. அங்கே ஒரு சொல்லைச் சொன்னால் அது ஐந்தரை விநாடி வரை சுவருக்குச் சுவர் மோதி முழங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பேச்சாளர் பத்துச் சொற்களுக்கு மேல் பேசிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்குவார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்துவார். ஒலி எத்தனை விநாடியில் மறைகிறது என்று காதால் கேட்டுக் கணக்கிடுவார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவார். இவ்வாறு பல இரவுகள் உழைத்து அவர் கண்ட விதி மிக எளியது:

எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ அறையின் மொத்த உட்கவர்பு

ஒலியைத் திருப்பி அனுப்பாமல் முழுவதும் விழுங்கும் பொருளின் உட்கவர் எண் 1. அப்படிப்பட்ட பொருள் எது தெரியுமா? திறந்த சன்னல்! வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா? சிமெண்டு பூசிய சுவருக்கு ஏறத்தாழ 0.03 தான்.

6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 108 கன மீட்டர். தரை, கூரை, நான்கு சுவர் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 144 சதுர மீட்டர். ஆள் இல்லை, கதவு சன்னல் எல்லாம் மூடியிருக்கின்றன, பரப்பு முழுவதும் சிமெண்டு போல ஒலியைத் திருப்புகிறது என்றால் உட்கவர்பு 4.3, எதிர்முழக்க நேரம் 4 விநாடி. 8 சதுர மீட்டர் சன்னலையும் கதவையும் திறந்தால் அது 1.4 விநாடியாகக் குறைகிறது. நாற்பது மாணவர்கள் உள்ளே வந்து அமர்ந்தால், ஒருவருக்கு 0.35 சதுர மீட்டர் என்று கொள்ள, 0.67 விநாடி. (ஆம், நீங்களும் ஒலியை விழுங்குகிறீர்கள். உங்கள் சட்டைக்கும் உடலுக்கும் அந்தப் பெருமை உண்டு.) அமெரிக்காவில் 2002-இல் வகுப்பறைகளுக்காக வகுத்த தரம் கேட்பது 0.6 விநாடி.

தறிப் பக்கத்துச் சன்னல்களை மட்டும் மூடினால் இரைச்சல் குறையும். ஆனால் முழக்கம் 0.78 விநாடிக்கு ஏறிவிடும். என்ன செய்வது? குமாரபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பவானி. பவானியின் புகழ் ஜமக்காளம். நெய்த தடித்த துணியை மடிப்புகளோடு தொங்கவிட்டால் உட்கவர் எண் ஏறத்தாழ 0.5 கிடைக்கும். பின்சுவரில் 12 சதுர மீட்டர் அளவுக்கு, சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 0.62 வரும். சன்னலும் மூடியாயிற்று, முழக்கமும் அடங்கிற்று! மாதம் ஒரு முறை வெளியே உதறிப் போடவேண்டும். இல்லாவிட்டால் தூசியால் வேறொரு மாணவனுக்கு இழுப்பு வரும். பயன்படாத சைக்கிள் டியூபை வெட்டிப் பெஞ்சுக் கால்களுக்கு மாட்டினால் தரையில் இழுபடும் கிறீச்சொலியும் நிற்கும். இதற்குச் செலவே இல்லை.

கருவி மாட்டினால் போதுமா?

மூக்குக் கண்ணாடி போட்டவுடன் கண் தெளிவாகத் தெரிவதுபோல், காது கேட்கும் கருவி மாட்டியவுடன் எல்லாம் தெளிவாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கருவி ஆசிரியரின் குரலைப் பெரிதாக்குகிறது. கூடவே தறியோசையையும், பக்கத்தில் இருப்பவன் பேனா மூடியைத் திருகும் ஓசையையும் பெரிதாக்குகிறது. புதிய கருவிகள் இரைச்சலை ஓரளவு அடக்குகின்றன என்றாலும், பேசுபவர் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும்போதுதான் எந்தக் கருவியும் நன்கு பயன்படும்.

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. ஆசிரியர் சட்டையில் ஒரு சிறு ஒலிவாங்கியைச் செருகிக்கொள்கிறார். அது வாயிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதால் குரல் அதற்கு 81 டெசிபெல்லாகக் கேட்கிறது. இரைச்சலோ அதே 50. அந்த ஒலி வானொலி அலை மூலம் நேரே மாணவனின் கருவிக்குப் போகிறது. கடைசி பெஞ்சில் இருந்தாலும் ஆசிரியர் அவன் காதருகே நின்று பேசுவதற்குச் சமம். விலைதான் தடை, நம் பள்ளிகளில் இது இன்னும் அரிதான காட்சியே.

உட்செவி முழுவதும் பழுதானால் ஒலியைப் பெருக்கிப் பயனில்லை. அத்தகைய சிறு குழந்தைகளுக்குக் காக்ளியாவுக்குள் மின்முனைகளைச் செலுத்தி, செவி நரம்பை நேராகத் தூண்டும் அறுவை மருத்துவம் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு இது இலவசம். வயது வரம்பு ஏன்? மொழியைக் கற்கும் மூளைப் பகுதிகள் முதல் சில ஆண்டுகளில் ஒலி பெறாவிட்டால், பிறகு ஒலி வந்தாலும் அதைப் பேச்சாக்க இயலாமல் தடுமாறும். இதை முன்கூட்டியே உணர்ந்து, சென்னையில் 1969-இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத கைக்குழந்தைகளுக்கே பயிற்சி அளித்து, அவர்களைச் சாதாரணப் பள்ளிகளில் சேரத் தகுதியாக்கி வந்திருக்கிறது.

எல்லோரும் பேச்சுமொழிக்குத்தான் வரவேண்டும் என்று இதற்குப் பொருள் அன்று. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு ஒன்று, சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. கைகளைக் கட்டிப்போட்ட தீர்மானம் அது. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடர் அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது; இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்! இந்திய சைகை மொழிக்கு டெல்லியில் 2015 முதல் தனி ஆராய்ச்சி-பயிற்சி மையம் இருக்கிறது.

சட்டத்தின் அளவுகோலும் வகுப்பின் அளவுகோலும்

குறைபாடுள்ள குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைக்கும் மத்திய அரசுத் திட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதை உரிமையாக்கின. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்று வரவேண்டியிருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு.

ஆனால் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் யாரைக் கேள்விக் குறைபாடு உடையவர் என்கிறது? இரு காதுகளிலும் 60 டெசிபெல் இழப்பு இருக்கவேண்டும். நம் கடைசி பெஞ்சு மாணவனுக்கு 40 தான் என்றால் அவனுக்குச் சான்றிதழ் கிடையாது. மேலே போட்ட கணக்கில் ஆசிரியர் குரல் அவனை எட்டுவதே 53 டெசிபெல்லில். அதில் மெலிந்த மெய்யொலிகள் 40-க்கும் கீழே. வலக்காது நன்றாகவும் இடக்காது முற்றிலும் செயலற்றும் இருக்கும் மாணவிக்கும் சான்றிதழ் கிடையாது. அவளுக்கு ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது. இரைச்சலில் குரலைப் பிரித்தெடுக்க முடியாது. சான்றிதழ் இல்லாத இவர்கள்தாம் பெருந்தொகையினர் என்பது என் கருத்து. இவர்களுக்கு உதவி அலுவலகத்திலிருந்து வராது. வந்தால் பெஞ்சிலிருந்துதான் வரவேண்டும்.

அது பெரிய உதவி ஒன்றும் அன்று. வலக்காது கேட்பவளை வகுப்பின் இடப்புற முன்வரிசையில் அமர்த்தினால், கேட்கும் காது ஆசிரியர் பக்கமும் வகுப்பின் பக்கமும் இருக்கும். சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஆசிரியரின் முகம் இருண்டுபோகும், உதடு தெரியாது. "ஐயா, இப்பக்கம் நில்லுங்கள்" என்று பணிவாகச் சொல்லலாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கமும் அப்படியே. பின்னால் இருந்து ஒருவன் கேள்வி கேட்டால் அதை இன்னொரு முறை முன்னால் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவர் தம் நோட்டைச் சற்றுத் திருப்பி வைத்தால், உதட்டைப் பார்த்துக்கொண்டே எழுத முடியாத சங்கடம் தீரும். கத்திப் பேசாதீர்கள்; கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி அப்படியே நிற்கும். சேலம் அப்போதும் ஏலம்தான், உரத்த ஏலம்!

நீங்களே செய்து பாருங்கள்

நூலகத்திலோ வீட்டிலோ தேடி ஓரசைச் சொற்கள் இருபத்தைந்து திரட்டுங்கள். பல், கல், நெல், சொல், வில், தேள், வாள், நாள், முள் போன்றவை. ஊகிக்க இடம் தராதபடி வரிசையைக் கலையுங்கள். ஒரு நண்பர் கரும்பலகை அருகே நின்று, நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு, இயல்பான குரலில் படிக்கட்டும். மற்றவர்கள் எழுதுங்கள். முன் பெஞ்சிலும் கடைசி பெஞ்சிலும் கிடைத்த சரியான விடைகளை நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். பிறகு சன்னலை மூடி, துணி தொங்கவிட்டு, வேறு வரிசையில் மறுபடி செய்யுங்கள். மூன்றாம் முறை வாயை மறைக்காமல் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் மூன்று எண்கள் கிடைக்கும். தறி ஓடும் வேளையிலும், மின்வெட்டில் தறி நின்றிருக்கும் வேளையிலும் தனித்தனியே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்.

இதில் ஒருவருடைய எண் எல்லா முறையும் மற்றவர்களைவிடத் தாழ்ந்தே வந்தால், தாளை வகுப்பில் படித்துக் காட்டவேண்டாம். ஆசிரியரிடம் தனியே கொடுங்கள். 2013 முதல் நடைபெறும் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன; அவர்களிடம் அந்தத் தாளைக் காட்டலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. போகும்போது சொல்வதெழுதுதல் நோட்டையும் கொண்டு போகச் சொல்லுங்கள். எந்த எழுத்து விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, சோதனையை எந்த அதிர்வெண்ணில் கவனமாகச் செய்யவேண்டும் என்பது மருத்துவருக்கு ஓரளவு தெரிந்துவிடும்.